யோசப் வாஸ் அடிகளாரும் நம் வீட்டு ஞானோபதேசமும்



ஹுன்னஸ்கிரிய மலைப்பக்கத்துத் தோட்டங்களில் வாழும் நம் குடும்பங்களின் நிலையை நீங்கள் அறிவீர்கள். கண்டியிலிருந்து தெல்தெனிய வழியாக மகியங்கனைக்குப் போகும் பெருவீதியில் பஸ்ஸை விட்டிறங்கி, மலையேறி நடந்தால்தான் சில லயங்களை அடைய முடியும். மழைக்காலத்தில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்குச் சின்னஞ்சிறு பிள்ளைகளை அனுப்புவது எளிதான காரியமன்று. ஆகவே நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைக்கு விசுவாசத்தின் முதற்பாடம் வீட்டிலேயே நடந்தாக வேண்டும்.

அப்படியானால் பிள்ளைக்கு எதை மனப்பாடம் செய்விப்பது? எவ்வளவு? எந்த மொழியில்? பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி புகட்டும் கத்தோலிக்கக் குடும்பங்கள் மேல்நாடுகளில் உண்டு. அவர்களுக்கென்று வாரம் வாரமாகப் பிரித்த மனப்பாடத் திட்டங்களே இன்று விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் ஒன்றை வாங்குவதா, பழைய ஞானோபதேசப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுப்பதா என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையேயும் இருக்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும், அதற்கு முன் ஒரு குருவானவரின் வாழ்க்கையைச் சற்றே நோக்குங்கள். பள்ளியும் கோவிலும் குருவும் இல்லாத வீடுகளில் விசுவாசம் எப்படி வேர்பிடித்து நிற்கும் என்பதை நம் நாட்டில் செய்து காட்டியவர் அவர். இலங்கையின் அப்போஸ்தலர் என்று போற்றப்படும் புனித யோசப் வாஸ் அடிகளாரே அவர்.

கோவாவைச் சேர்ந்த பெனோலிம் என்னும் ஊரில் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் அவர் பிறந்தார். கொங்கணி பேசும் கத்தோலிக்கக் குடும்பம் அது. 1676இல் குருப்பட்டம் பெற்றார். 1681 முதல் சில ஆண்டுகள் மங்களூரைச் சேர்ந்த கன்னட நாட்டில் மறைப்பணி புரிந்தார். பின்பு கோவா திரும்பி, 1685இல் குருமார் சிலரோடு இணைந்து ஒரத்தோரியன் சபையை அங்கே நிலைநாட்டினார். ஆயினும் அவருடைய மனம் முழுவதும் இலங்கையின்மேல் இருந்தது. அத்தீவின் கத்தோலிக்கர் குருவானவர் இல்லாமல் தவிக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாள்முதல் அவருக்கு வேறு நினைவில்லை.

அந்தத் தவிப்புக்குக் காரணம் என்ன? 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயர் கையிலிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. அதே ஆண்டு செப்டெம்பரில், கத்தோலிக்கக் குருவானவருக்கு இடங்கொடுப்போருக்கு மரணதண்டனை என்று கட்டளை பிறந்தது. கோவில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்த சபைக்கு உரியவையாயின. கோவிலடியிலே பள்ளிக்கூடங்கள் நடந்தன. பிள்ளைகள் அங்கே போயாக வேண்டும். போகாவிட்டால் பெற்றோர் தண்டப்பணம் கட்ட வேண்டும். பள்ளியில் அந்தச் சபையின் ஞானோபதேசத்தைப் பிள்ளைகள் பாடமாக ஒப்புவித்தார்கள். போதகர்கள் வந்து பரீட்சை பார்த்தார்கள்.

இந்த நிலையை நன்றாக எண்ணிப் பாருங்கள். பகலில் பள்ளியில் ஒரு ஞானோபதேசம், இரவில் வீட்டில் இன்னொன்று. இரண்டும் ஒரே பிள்ளையின் நாவிலே இருந்தன. பள்ளியிடம் பணமும் அதிகாரமும் இருந்தன. வீட்டிலோ தாயும் பாட்டியும் ஒரு செபமாலையுந்தான். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இப்படியே கழிந்தன. 1658இல் தாயின் மடியில் செபம் கற்ற குழந்தை, ஒரு குருவானவரைக் கண்ணால் காணாமலே தானும் தாயாகித் தன் குழந்தைக்குச் செபம் கற்பிக்கும் காலம் வந்துவிட்டது. நினைவில் இருந்ததை மட்டுமே அவளால் கொடுக்க முடிந்தது.

யோசப் வாஸ் அடிகளார் 1686இல் கோவாவை விட்டுப் புறப்பட்டு, கரையோரமாகத் தமிழ்நாட்டுத் தூத்துக்குடிக்கு வந்துசேர்ந்தார். ஜான் என்னும் உண்மைத் தோழர் ஒருவர் அவருடன் வந்தார். அந்த முத்துக்குளித்துறைக்கு ஒரு பெரும் பாரம்பரியம் உண்டு. 1542 முதல் புனித சவேரியார் அங்கே ஊர் ஊராக மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் பெயர்த்தெழுதிய செபங்களை அவர்கள் வாயில் பதியச் செய்தார். கற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய் தந்தையருக்குக் கற்பித்தார்கள். 1578இல் அண்டிரிக்கு அடிகளார் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் 16 பக்கங்களே கொண்ட சிறு ஞானோபதேசம். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. தமிழ் அச்செழுத்தின் முதல் வேலையே மனப்பாடத்துக்கான செபங்களைக் கொடுப்பதாயிருந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குப் பெருமையோடு சொல்லலாம்.

1687இல் அடிகளார் கூலியாள் கோலத்தில், வெறுங்காலோடு கடல் கடந்து இலங்கைக்கு வந்தார். புயலும் பட்டினியும் தந்த நோயோடு யாழ்ப்பாணத்தை அடைந்தார். வயிற்றுக்கடுப்பால் துவண்டு ஊருக்குப் புறம்பே கிடந்த அவருக்கு, இரக்கமுள்ள ஒரு பெண் கொண்டுவந்த கஞ்சியே உயிர் தந்தது. எழுந்து நடமாடத் தொடங்கியதும் பிச்சைக்காரரைப் போல வீடு வீடாகச் சென்றார். கழுத்திலே செபமாலை தொங்கியது. அதைக் கண்டு யாருடைய கண் கலங்குகிறது, யாருடைய கை தன்னையறியாமல் சிலுவை அடையாளம் வரையப் போகிறது என்று கவனித்தார். அப்படித்தான் மறைந்திருந்த கத்தோலிக்கக் குடும்பங்களைக் கண்டுபிடித்தார். முப்பது ஆண்டு ஒளித்து வைக்கப்பட்ட விசுவாசம் அழியாதிருந்தது. காரணம், அதைப் பாதுகாத்த பெட்டகம் மனித நினைவு. அதைச் சோதனையிட எந்த அதிகாரியாலும் முடியாதன்றோ?

சில்லாலையில் தங்கி, இரவிலே ஊர் ஊராகச் சென்று பூசை நிறைவேற்றினார். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். தமிழ் பேசப் பழகினார். 1689ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் இரவில் நள்ளிரவுப் பூசைக்காகக் கூடியிருந்த மக்களை ஒல்லாந்த அதிகாரிகள் வளைத்துப் பிடித்தார்கள். அடிகளார் தப்பினார். ஆனால் மக்களில் சிலர் கசையடிபட்டுச் சிறை சென்றார்கள். தம்மால் மக்களுக்கு இன்னும் துன்பம் வரலாகாதென்று எண்ணிய அடிகளார், கண்டி அரசின் கீழிருந்த புத்தளத்துக்குப் போனார். அங்கிருந்து 1692இல் கண்டிக்கு வந்தார்.

நம் மலைநாட்டில் அவருக்குக் கிடைத்த வரவேற்பு சிறைவாசந்தான். போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று ஒருவர் அரண்மனையில் குற்றஞ்சாட்ட, இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைக் காவலில் வைத்தான். ஜானும் உடன் அடைபட்டார். சோர்ந்து உட்கார வேண்டிய அந்நாட்களை அடிகளார் என்ன செய்தார் தெரியுமா? சிங்களம் கற்றார். கற்பிப்பவன் கற்போரின் மொழிக்கு வரவேண்டும் என்பது அவர் கொள்கை. யாழ்ப்பாணத்தில் தமிழுக்கு வந்ததுபோலவே கண்டியில் சிங்களத்துக்கு வந்தார். காவல் மெல்லத் தளர்ந்தது. சிறு செபக்கொட்டில் எழுந்தது. கண்டியிலிருந்த கத்தோலிக்கர் ஒவ்வொருவராக வந்து கூடினார்கள். கடும் வறட்சிக் காலத்தில் அவர் செபித்தபோது மழை பெய்தது என்றும், அதன்பின் மன்னனின் மனம் அவர் பக்கம் திரும்பியது என்றும் அவர் வரலாறு கூறுகிறது.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னனும் மாந்தரும் நகரை விட்டகன்றார்கள். நோயாளிகள் காட்டோரத்தில் கைவிடப்பட்டார்கள். முந்திய ஆண்டு கோவாவிலிருந்து வந்துசேர்ந்த தம் மருமகன் யோசப் கர்வாலோ அடிகளாரோடு நோயாளிகளைத் தேடிச் சென்றார். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார், புண்களைக் கழுவினார், இறந்தோரை அடக்கம் செய்தார். பௌத்தரென்றும் கத்தோலிக்கரென்றும் பார்க்கவில்லை. செபத்தைப் பாடமாக்கிய நாவும் நோயாளியின் புண்ணைக் கழுவிய கையும் ஒரே ஆளுக்கு உரியவை. இதைப் பெற்றோர் மறக்கலாகாது. மன்னன் திரும்பி வந்தபோது மறைபரப்பும் சுதந்திரம் அவருக்கு உறுதியாயிற்று.

இனி நம் கேள்விக்கு வருவோம். தீவு முழுவதும் சிதறிக் கிடந்த மந்தைக்கு அவர் ஒருவர். பின்னர் கோவாவிலிருந்து சிலர் வந்தாலும், ஓர் ஊருக்குக் குருவானவர் மறுபடி வருவதற்குள் நெடுநாள் சென்றுவிடும். இடைக்காலத்தில் என்ன செய்வது? ஊருக்கு ஊர் நம்பிக்கையான பொதுநிலையினரைத் தெரிந்து, அண்ணாவியாராகவும் மூப்பராகவும் பயிற்றுவித்தார். ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பதும், ஆபத்தில் ஞானஸ்நானம் கொடுப்பதும், மரண வேளையில் உடனிருப்பதும் அவர்கள் பொறுப்பு. செபங்களையும் ஞானோபதேசத்தையும் தமிழிலும் சிங்களத்திலும் அமைத்துக் கொடுத்தார். அச்சகம் கிடையாது. கையால் எழுதிய ஏடுகளே இருந்தன. ஓர் ஊருக்கு ஓர் ஏடு கிடைத்தாலே பெரிது. ஆகவே படிக்கத் தெரிந்த ஒருவர் சொல்ல, மற்றவர்கள் கேட்டுத் திருப்பிச் சொல்லி மனத்தில் பதித்துக்கொண்டார்கள்.

இந்த வேலையை அவருக்குப்பின் சிறப்பித்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். தமிழர் சாங்கோபாங்க சுவாமி என்று அன்போடு அழைத்தது இவரையே. 1705இல் இலங்கை வந்த இவரை, சிங்களத்தை முறையாகக் கற்கும்படி வாஸ் அடிகளார் கண்டியில் வைத்தார். 1742இல் போலவத்தையில் இறக்கும்வரை இரு மொழிகளிலும் நூல்களை எழுதிக் குவித்தார். தமிழில் அவர் இயற்றிய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு, தலைமுறைகளின் செவி வழியே நெஞ்சில் இறங்கியது. இராகம் சேர்ந்த சொல் எளிதில் மறப்பதில்லை. தாலாட்டும் ஒப்பாரியும் கேட்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் யோசப் வாஸ் அடிகளார் கண்டியில் உயிர் துறந்தார். இருபத்துநான்கு ஆண்டுகள் இலங்கையில் உழைத்தவர் ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பவில்லை. கண்டியிலே அடக்கம் செய்யப்பட்டார். ஆனால் 1740களில் கண்டி அரசின் போக்கு மாறியது. குருமார் வெளியேற்றப்பட்டார்கள். கோவில்கள் அழிக்கப்பட்டன. அடிகளாரின் கல்லறை இருந்த இடம் இன்றுவரை கண்டறியப்படவில்லை. அவர் கட்டிய கோவிலும் இல்லை, கல்லறையும் இல்லை. அவர் மக்கள் நாவில் வைத்துச் சென்ற செபம் மட்டும் அழியவில்லை. மாத்தளைக்கு வடக்கேயுள்ள வஹகோட்டைக் கத்தோலிக்கர் அத்தகைய காலங்களிலும் தங்கள் விசுவாசத்தைக் காத்து நின்றார்கள். 1806இல் பிரித்தானியர் கத்தோலிக்கர்மீதிருந்த தடைகளை நீக்கியபோது, சொந்த நாவில் செபம் கொண்ட மக்கள் இத்தீவில் இருந்தார்கள்.

மனப்பாடத்தின் வலிமையையும் அதன் ஆபத்தையும் ஒருங்கே காட்டும் வேறொரு வரலாறு யப்பானில் உண்டு. அங்கே கத்தோலிக்கர் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் குருவானவரே இல்லாமல் மறைந்து வாழ்ந்தார்கள். 1865இல் நாகசாக்கி நகரின் ஊரா கோவிலுக்குத் தேடிவந்து, பெத்திசான் அடிகளாரிடம் தங்களை வெளிப்படுத்தினார்கள். வாய்மொழியாகச் செபங்களைக் காத்துவந்தார்கள் அவர்கள். ஆனால் இலத்தீனிலும் போர்த்துக்கேயத்திலும் இருந்த பகுதிகள் தலைமுறை தலைமுறையாக ஒலி சிதைந்து, பொருள் விளங்காத ஓசையாகிப் போயிருந்தன. அவர்கள் பற்றுறுதியில் ஒரு குறையும் இல்லை. விளங்காத மொழியில் கற்றதன் விளைவு அது. வாஸ் அடிகளார் சிறையிலிருந்தும் மொழி கற்றதன் அருமை இதனால் விளங்குகிறதல்லவா?

ஆகவே பெற்றோரே, எந்தத் திட்டம் உங்கள் கைக்கு வந்தாலும் அதை இந்தப் பெரியாரின் வாழ்க்கையோடு ஒப்பிட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவதாக, மொழியைப் பாருங்கள். உங்கள் பிள்ளை சிங்களப் பள்ளியில் படிக்கலாம், ஆங்கிலமும் கற்கலாம். நல்லதே. ஆயினும் முதற்செபம் அப்பாயியும் அம்மாயியும் செபிக்கும் தமிழிலேயே இருக்கட்டும். பாட்டியோடு சேர்ந்து செபிக்க முடியாத பிள்ளைக்கு வீட்டின் செபம் அந்நியமாகிவிடும். அது ஊன்றியபின் சிங்களச் செபங்களையும் கற்பியுங்கள். கோவிலில் அடுத்திருக்கும் சிங்களச் சகோதரரோடு சேர்ந்து செபிக்க அது உதவும். வாஸ் அடிகளார் இரண்டு மொழிகளிலும் பணி செய்தவரே.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பாட்டி சர்வேசுரன் என்பார், புதிய புத்தகம் இறைவன் என்னும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் தமிழ்ச் செபங்களின் சொற்கள் மாறியிருப்பதால், ஒரே வீட்டில் இரண்டு வடிவங்கள் ஒலிக்கின்றன. இன்று கோவிலில் சொல்லப்படும் வடிவத்தையே பிள்ளைக்குப் பாடமாக்குங்கள். பாட்டியின் வடிவத்தைப் பிழையென்று ஒருபோதும் திருத்தாதீர்கள். இரண்டும் ஒரே செபமென்று சொல்லுங்கள். பாட்டி நாளடைவில் புதியதையும் சொல்வார். பிள்ளையும் பழையதைக் கேட்டே அறிந்துகொள்ளும்.

இரண்டாவதாக, அளவைப் பாருங்கள். நீண்ட அட்டவணை கண்டு மயங்க வேண்டாம். சிலுவை அடையாளம், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தைச் செபம், திரித்துவப் புகழ் ஆகியவை முதற்படி. விசுவாசப் பிரமாணமும் மனத்துயர்ச் செபமும் அடுத்த படி. பத்துக் கட்டளைகளும் ஏழு திருவருட்சாதனங்களும் அதற்கடுத்தவை. செபமாலையின் மறையுண்மைகள் பாட்டியின் காலத்தில் 15. 2002இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் மறையுண்மைகள் ஐந்தைச் சேர்த்ததால் இன்று 20. இவற்றை ஒரே ஆண்டில் திணிக்க வேண்டியதில்லை. முதற்படி ஊன்றாமல் அடுத்ததற்குப் போகாதிருந்தால் போதும்.

மூன்றாவதாக, முறையைப் பாருங்கள். பிள்ளையைத் தனியே உட்காரவைத்து ஒப்புவிக்கச் சொல்லும் திட்டத்தைவிட, வீடு முழுவதும் சேர்ந்து சொல்லும் திட்டமே நல்லது. செபமாலையைக் கவனித்தீர்களா? ஒருவர் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்கிறார்கள். ஐந்து பத்துமணிகள் முடியும்போது பிள்ளை அந்தப் பின்பாதியை ஐம்பது முறை கேட்டுவிடுகிறது. சில வாரங்களில் அதை யாரும் கற்பிக்காமலே சொல்லத் தொடங்கும். பிறகு ஒருநாள் முன்பாதியைச் சொல்லும் பொறுப்பை அதற்கே கொடுங்கள். அன்றைக்கு உங்கள் வீட்டின் குட்டி அண்ணாவியார் அந்தப் பிள்ளைதான். நாள் முழுதும் கொழுந்து பறித்துக் களைத்த தாயால் முடியாத நாளில், தந்தையோ தாத்தாவோ மூத்த பிள்ளையோ முன்நின்று நடத்தட்டும். நேரம் மட்டும் மாறாதிருக்கட்டும்.

நான்காவதாக, பொருளையும் செயலையும் பாருங்கள். கற்ற சொல்லின் பொருளைக் கேட்கும் வயது பிள்ளைக்கு வரும். அப்போது அதட்டி அடக்காமல், தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைச் சுவாமியிடமோ உபதேசியாரிடமோ கேட்டுச் சொல்லுங்கள். அடுத்த லயத்தில் காய்ச்சலோடு கிடக்கும் மூதாட்டிக்குப் பிள்ளையின் கையில் கஞ்சி கொடுத்தனுப்புங்கள். அது நாவினால் கற்றதைக் கையினால் கற்கும் பாடம்.

இறுதியாக ஒரு சோதனை. மலைநாட்டில் காற்றும் மழையும் வந்தால் மின்சாரம் நின்றுவிடும். அந்த இருட்டில், புத்தகமும் கைத்தொலைபேசியும் இல்லாமல், உங்கள் வீடு சேர்ந்து என்ன செபிக்க முடியும்? அவ்வளவுதான் உண்மையில் உங்கள் வீட்டுக்குச் சொந்தமானது. எந்தத் திட்டம் அந்தச் சொத்தைக் கூட்டுகிறதோ அது உங்களுக்கு ஏற்றது. பணம் கொடுத்து வாங்கியதானாலும் சரி, பாட்டியின் வாயிலிருந்து இலவசமாகக் கிடைத்ததானாலும் சரி.

யோசப் வாஸ் அடிகளாரைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995 சனவரி 21ஆம் நாள் கொழும்பில் அருளாளராக உயர்த்தினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 சனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். இலங்கையின் முதற் புனிதர் அவர். அவர் திருநாள் சனவரி 16. வரும் திருநாளுக்குள் உங்கள் இளைய பிள்ளை ஒரு செபத்தையாவது பிழையின்றி, விருப்போடு சொல்லும்படி செய்யுங்கள். கல்லறையும் அறியப்படாத அந்தக் குருவானவருக்கு நம் மலைநாட்டு வீடுகள் கட்டக்கூடிய நினைவாலயம் அதுவே. இன்றிரவே தொடங்குங்கள்.